ஈசிஜி நார்மல்தாம்மா

2025 ஜூலை 21 காலை நடைப்பயிற்சியில் முதலமைச்சர் ஸ்டாலினுக்குத் தலைசுற்றல். கிரீம்ஸ் சாலை அப்போலோவில் சேர்த்தார்கள். இதயத்துடிப்பில் இருந்த சில மாறுபாடுகள்தான் காரணம் என்று மருத்துவமனை அறிக்கை சொன்னது. 24-ஆம் தேதி அதற்கான சிகிச்சை நடந்தது. ஆஞ்சியோகிராமில் குறை எதுவும் இல்லை. 27-ஆம் தேதி வீடு திரும்பினார். அந்த வாரம் அம்பத்தூர் மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனை டீக்கடையில் இதே பேச்சுதான். "ஆஞ்சியோதான் நார்மல்னு போட்டிருக்கான்ல, அப்புறம் எதுக்குய்யா ட்ரீட்மெண்ட்டு?" என்று ஒருவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு அரசியல் காரணம் சொன்னார்கள். பால் பாக்கெட் வாங்கப் போன எனக்கு அதற்குப் பதில் தெரியும். பல வருஷம் அலைந்து தெரிந்துகொண்ட பதில்.

ஆஞ்சியோ பார்ப்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை. துடிப்பைக் கிளப்புவது மின்சாரம். வீட்டில் குழாயில் தண்ணீர் நன்றாகக் கொட்டும், ஆனால் ஃபேன் சுற்றாது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அவர் சொன்னது பொய்யில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இதயத்தின் வலது மேலறையில் ஒரு சின்னத் திசுத் திரள் இருக்கிறது. சைனஸ் கணு என்பார்கள். துடிப்பு கிளம்புவது அங்கேதான், ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை. மேலறைகளைத் தாண்டி நடுவில் ஏ.வி. கணு என்ற இடத்துக்கு வந்து, அங்கே ஒரு கணம் தாமதித்து, பிறகு கீழறைகளுக்குப் பரவும். எனக்கு அந்த ஏ.வி. கணுவில் ஒன்றுக்கு இரண்டு பாதை. ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. இப்படி இரண்டு பாதையோடு பிறந்து ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள் நிறைய பேர். என்னைப் போன்ற சிலருக்கு, அகாலத்தில் வரும் ஒரு துடிப்பு மெதுவான பாதையில் இறங்கி, வேகமான பாதையில் திரும்ப ஏறி, மறுபடி இறங்கி, அங்கேயே சுற்ற ஆரம்பித்துவிடும். சைனஸ் கணுவின் பேச்சு அப்புறம் எடுபடாது. எஸ்.வி.டி. என்று பொதுவாகச் சொல்லும் படபடப்பு நோய்களில் இதுதான் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

எனக்கு வந்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், செக்கிங் டேபிளில். ஏற்றுமதித் துணிக் கம்பெனி அது. லைனிலிருந்து வரும் சட்டைகளை அளவு டேப் வைத்துப் பார்த்து, தையல் பிசகு இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டருக்குத் தள்ளுவது என் வேலை. கீழே விழுந்த ஒரு பீஸை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். நெஞ்சுக்குள் எதுவோ ஓட ஆரம்பித்தது. மெள்ள மெள்ள ஏறிய வேகம் இல்லை. ஒரு நொடி முன்னால் இல்லை, மறு நொடி முழு வேகம். தொண்டைக் குழியில் இடி. கண் லேசாக இருட்டியது. "என்னக்கா, காலைல சாப்ட்டீங்களா இல்லையா?" என்று சூப்பர்வைசர் பெண் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தாள். அரை மணிக்குள் வந்த மாதிரியே சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு சிறுநீர், வந்துகொண்டே இருந்தது. ஷிப்மெண்ட் நேரத்தில் ஒரு செக்கர் திரும்பத் திரும்ப பாத்ரூமுக்குப் போனால் லைனில் என்ன பார்வை பார்ப்பார்கள் என்பது எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூச்சப்பட்ட அந்தச் சிறுநீர்தான் நோயின் அடையாளங்களில் ஒன்று. மேலறைகள் அந்த வேகத்தில் அழுத்தம் தாங்காமல் விரியும்போது ஒரு ஹார்மோனை விடுகின்றன. அது சிறுநீரகத்தை முடுக்கிவிடும். இதை எந்த டாக்டரும் என்னிடம் கேட்கவில்லை, கடைசியில் ஒருவர் கேட்கும்வரை.

படபடப்பு வந்து நின்று, மாதக்கணக்கில் வராமல் இருந்து, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் எங்காவது கிளினிக்குக்குப் போய்ச் சேரும்போது நின்றிருக்கும். ஈசிஜி எடுப்பார்கள். "ஈசிஜி நார்மல்தாம்மா." அடுத்த கேள்வி வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்பது. வயசைக் கேட்பார்கள். நாற்பது தாண்டியது என்றதும், "மாதவிடாய் நிக்கிற டைம், அப்படித்தான் இருக்கும்." ஒரு இடத்தில் பதட்டத்துக்கு மாத்திரை எழுதினார்கள். தின்றால் டேபிளில் நின்றபடியே தூக்கம் வந்தது. என் அம்மா திருவள்ளூரிலிருந்து வந்து வேப்பிலை அடித்து மந்திரிக்கக் கூட்டிப் போனாள். அவள் கணக்கில் அது காத்து கருப்பு. டாக்டர் கணக்கில் டென்ஷன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இது என் தலையெழுத்து மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. 1997-இல் அமெரிக்காவில் எஸ்.வி.டி. உறுதியான 107 பேரின் பழைய கதையைத் தோண்டிப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேரின் அறிகுறிகள் பீதி நோய்க்கான பட்டியலோடு அப்படியே பொருந்தின. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் உண்மையான நோய் தெரியவே இல்லை. மனசு சம்பந்தப்பட்டது என்ற முத்திரை ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் விழுந்திருந்தது. இதயம் நிமிடத்துக்கு 180 தடவை அடித்தால் யாருக்குத்தான் பீதி வராது? வந்த பீதியை நோயாகவும், அதை வரவழைத்த நோயைப் பீதியாகவும் எழுதிவைத்துவிடுகிறார்கள்.

ஈசிஜி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். படுக்கவைத்து, பசை தடவி, மார்பிலும் கை காலிலும் கம்பி மாட்டி எடுக்கிறார்களே, அந்தத் தாளில் பதிவது பத்து விநாடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. "நார்மல்" என்றால் அந்தப் பத்து விநாடி நார்மல். மாரடைப்பின் தழும்பு, பிறவியிலேயே இருக்கும் சில கூடுதல் இணைப்புகள், இவையெல்லாம் சும்மா இருக்கும்போது எடுத்த தாளிலும் தெரியலாம். ஆகவே அது வீண் என்று சொல்ல மாட்டேன். வந்து போகிற கோளாறு அது வந்திருக்கும்போதுதான் பதியும்.

என் கதை திரும்பியது ஒரு வயதான டாக்டரால். அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால், "வரும்போது எப்படி அடிக்குது, மேஜை மேல தட்டிக் காட்டுங்கம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆள்காட்டி விரலால் டகடகடகவென்று ஒரே சீராகத் தட்டினேன். "நடுவுல நடுவுல விட்டுப்போய் திரும்ப ஒரு பெரிய அடி விழுதா?" இல்லை. "தாளமே இல்லாம கண்டபடி அடிக்குதா?" இல்லை. "மெதுவா ஏறுதா, சட்டுனு ஏறுதா?" சட்டென்று. "நிக்கும்போது?" அதுவும் சட்டென்று. "நின்ன பிறகு யூரின் ஜாஸ்தி போகுதா?" நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் பிரித்துச் சொன்னது இது. ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது பலமாக விழுவது அனேகமாக எல்லோருக்கும் எப்போதாவது நடக்கும். இதயம் வேறு வகையில் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. தாளமே இல்லாமல் அடிப்பது மேலறை நடுக்கமாக இருக்கலாம். அதை விடக்கூடாது. சீரான வேகம், சட்டென்று தொடங்கி சட்டென்று நிற்பது, என் வகை. காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, பயம் இவற்றால் வரும் வேகம் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும்.

கூட வந்திருந்த என் மகள் அப்போதுதான், "அம்மாக்கு வரும்போது கழுத்து துடிக்கும் டாக்டர். தாலிச் சரடே ஆடும்" என்றாள். டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளிடம் பேச ஆரம்பித்துவிட்டார். மேலறையும் கீழறையும் ஒரே சமயத்தில் சுருங்கும்போது, மூடிய வால்வில் மோதும் ரத்தம் பின்வாங்கிக் கழுத்து நாளங்களில் அடிக்கும். என் கழுத்தை நான் பார்க்க முடியாது. அவள் பார்த்திருக்கிறாள்.

ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு, ஹீமோகுளோபின். அதில் தவறு சொல்ல முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எனக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. எக்கோ எடுத்ததில் வால்வு, தசை எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு ஹோல்ட்டர். மார்பில் ஸ்டிக்கர் ஒட்டி, இடுப்பில் கைபேசி அளவுக்கு ஒரு டப்பா, இருபத்துநான்கு மணி நேரம். அமெரிக்காவில் நார்மன் ஹோல்ட்டர் 1940-களின் கடைசியில் செய்த முதல் கருவி முப்பத்தெட்டு கிலோ, முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டுதான் அந்த டப்பாவோடு வேலைக்குப் போனேன். சித்திரை வெயிலில் தகரக்கூரைக்குக் கீழே ஸ்டிக்கர் வியர்வையில் வழுக்கியது. அன்று பார்த்து இதயம் நல்ல பிள்ளையாக இருந்தது. ரிப்போர்ட்: நார்மல்.

டாக்டர் அசரவில்லை. "அடுத்த தடவை வரும்போது என்கிட்ட ஓடி வராதீங்க. பக்கத்துல எங்க ஈசிஜி மெஷின் இருக்கோ அங்க போங்க. முதல்ல பேப்பர், அப்புறம் ஊசி. ஊசி போட்டு நின்ன பிறகு எடுத்தா உங்க பழைய கதைதான்." இதற்கு அவர் ஒரு விதிவிலக்கும் சொன்னார். மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ தாளைப் பற்றி யோசிக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதை எல்லா டாக்டரிடமும் கேட்காமலே சொல்ல வேண்டும்.

அடுத்தது வந்தது ஒரு ஞாயிறு மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தது. மகள் விரலில் மாட்டி, காட்டிய எண்ணைக் கைபேசியில் படம் எடுத்தாள். வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்தார். கருக்கு மெயின் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும், "நின்னுச்சா? நின்னுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நிற்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வேன்! நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டர் சின்னப் பையன். "முதல்ல ஈசிஜி" என்று நானே போய்க் கட்டிலில் படுத்துவிட்டேன்.

தாள் வெளியே வந்தது. ரோஸ் நிறக் கட்டம், நெருக்க நெருக்கமாக முள்முள்ளாகக் கோடு. காலம் முழுக்கக் காலர், கஃப் அளந்தவள், இதை விடுவேனா? அந்தத் தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவில் உள்ள சின்னக் கட்டங்களை எண்ணி, 1500-ஐ அதால் வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். சீரான துடிப்புக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். என் தாளில் எட்டுக் கட்டம், 187. அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாவது, பழைய பஸ் டிக்கெட் கதிதான், சில வருஷத்தில் மங்கிவிடும். என் மகள் அங்கேயே படம் எடுத்தாள். மறுநாள் ஜெராக்ஸ் போட்டாள். ஃபைலில் அசலைவிட ஜெராக்ஸ்தான் இப்போது தெளிவாக இருக்கிறது.

சிஸ்டர் ஊசியில்லாத ஒரு பத்து மில்லி சிரிஞ்சைக் கொடுத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்குப் பதினைந்து விநாடி ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் தலையைத் தாழ்த்தி, இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார்கள். 2015-இல் இங்கிலாந்தில் 428 பேரிடம் சோதித்த முறை. சாய்ந்து உட்கார்ந்தபடியே ஊதியவர்களில் 17 சதவீதம் பேருக்கு நின்றது, இப்படிக் கால் தூக்கியவர்களில் 43 சதவீதம் பேருக்கு நின்றது. செலவே இல்லாத வைத்தியம். எனக்கு நிற்கவில்லை. பிறகு அடினோசின் ஊசி. "ஒரு சில செகண்டு செத்துப்போற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்று அந்தச் சின்ன டாக்டர் முன்னாலேயே சொன்னார். சொல்லியிருக்காவிட்டால் நான் கட்டிலை விட்டு ஓடியிருப்பேன். மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல, முகமெல்லாம் நெருப்பு, துடிப்பே இல்லாத ஒரு வெறுமை. அந்த மருந்தில் பாதி பத்து விநாடிக்குள் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ஏ.வி. கணுவை ஒரு கணம் அடைத்து, சுற்றிக்கொண்டிருந்ததை அறுத்துவிடுகிறது. மானிட்டரில் கோடு நீண்டு, பிறகு நிதானமாக ஒன்று, இரண்டு என்று விழுந்தது.

தாளைப் பார்த்ததும் அந்த வயதான டாக்டர் இதய மின்னியல் நிபுணரிடம் அனுப்பினார். இந்தத் துறைக்குத் தனி டாக்டர்கள் உண்டு என்பதே எங்கள் பக்கம் பலருக்குத் தெரியாது. தினம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம், அல்லது அந்த மெதுவான பாதையைச் சுட்டுவிடலாம் என்றார் நிபுணர். அபலேஷன். நூறில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் சரியாகிவிடும். நூறில் ஒருவருக்கும் குறைவாக ஏ.வி. கணுவே பழுதாகி பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். அதனாலேயே அவரை நம்பினேன். செலவுக்கு ஈ.எஸ்.ஐ. கை கொடுத்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. சம்பளத்தில் முக்கால் சதவீதம் நம்மிடம் பிடிக்கிறார்கள், முதலாளி மூன்றேகால் போடுகிறார். டிஸ்பென்சரி, ஆஸ்பத்திரி, ரெஃபரல் கடிதம், சீல், இன்னொரு சீல். அலையத்தான் வேண்டும். ஆனால் சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்து முணுமுணுத்ததெல்லாம் அன்றோடு நின்றுபோனது.

அபலேஷன் அன்றைக்கு நான் முழு நினைவோடுதான் இருந்தேன். தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, நாளம் வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் எண்களைச் சொல்லச் சொல்ல, டாக்டர் வேண்டுமென்றே என் படபடப்பை வரவழைத்தார். "வருதாம்மா? இதுதானா?" "இதேதான் டாக்டர்!" எத்தனை பேரிடம் விளக்கியிருப்பேன், யாருக்கும் காட்ட முடியாத ஒன்றை அறை முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வலிக்கிறதா என்று சிஸ்டர் கேட்டார். பிறகு சூடு வைத்தார்கள். தோள்பட்டையில் லேசாக ஒரு இழுப்பு, வேறொன்றும் தெரியவில்லை. மறுபடி வரவழைக்கப் பார்த்தார்கள், வரவில்லை. சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருந்தேன்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். குனிந்து நிமிரும்போது ஒரு கணம் நிதானிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. எப்போதாவது ஒரு துடிப்பு விட்டுப்போகும். அது வேறு என்று தெரிந்தாலும் கை தானாக மணிக்கட்டுக்குப் போகும்.

எங்கள் வரிசையில் நான்காவது வீட்டு அக்காவுக்கு நேர் எதிர்க்கதை. நாலு தெருவுக்குத் தண்ணீர் தூக்குகிற உடம்பு, படபடப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வேறு எதற்கோ ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் நர்ஸ் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணியிருக்கிறார். தாளமே இல்லை. ஈசிஜி எடுத்த பத்து விநாடியிலேயே மேலறை நடுக்கம் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த, ருமாட்டிக் ஃபீவர் எனும் முடக்குக் காய்ச்சல், இத்தனை வருஷம் கழித்து வால்வைச் சுருக்கி வைத்திருந்தது. நடுங்குகிற மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மேலறை நடுக்கம் இருந்தாலே அந்த ஆபத்து சுமார் ஐந்து மடங்கு, வால்வும் சுருங்கியிருந்தால் இன்னும் கூடுதல். எல்லாவற்றையும் உணர்ந்த எனக்கு ஈசிஜி நார்மல். எதையுமே உணராத அவருக்கு ஒரே தாளில் எல்லாம் தெரிந்தது.

"உனக்கு மட்டும் சுட்டு முடிச்சுட்டாங்க, எனக்கு ஏன்டி தினம் மாத்திரை?" என்று அக்கா கேட்பார். அவருக்கு வால்வும் விரிந்துபோன மேலறையும்தான் மூலம், சுடுவதற்கு ஒற்றைப் பாதை இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறார். இப்போது அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றன. ஆனால் இவரைப் போல முடக்குக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்குப் பழைய வகைதான் நல்லது என்று, இந்தியா உட்பட 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022-இல் காட்டியது. ஆகவே அவ்வப்போது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும். கீரையை விட வேண்டாம், தினமும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார், கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையை எதிர்த்து வேலை செய்யும் என்பதால். போன தடவை 1.6 காட்டியது. ஊரிலிருந்து வந்த தம்பி சம்சாரம் கொண்டுவந்த முருங்கைக்கீரைக் கட்டுதான் காரணம் என்கிறேன் நான். "ஒரு கைப்பிடிதான் ஆக்குனேன்" என்று அக்கா சாதிக்கிறார். அவர் வீட்டுப் பின்பக்கம் உருவிப் போட்டிருந்த ஈர்க்குகளை நான் பார்த்தேன்.